எந்த விடு?

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து டென்னிஸ் ஆடுகிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "ஒரே பக்கமா, எதிரெதிர்ப் பக்கமா?" என்பார்கள். ஒரே பக்கம்தான். இரட்டையர் ஆட்டம். மூன்று வருடமாக இதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. சண்டை உண்டா என்றால் உண்டு, ஆனால் அடி வாங்குவது எப்போதும் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்.

அவள் என் கணவரின் தங்கை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வயது இருபத்து நான்கு. நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். உலகத் தரவரிசையில் அவளுக்கென்று ஓர் எண் இருக்கிறது. ஆனாலும் வாலு வாலுதான். எனக்கு முப்பத்து மூன்று. இந்தத் தொழிலில் முப்பத்து மூன்று ஆகிவிட்டால், மற்றவர்கள் நம்மிடம் குரலைத் தணித்துப் பேசுவார்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. "இன்னும் ஆடுறீங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம், ஆடுகிறேன். நன்றாகவே ஆடுகிறேன்.

தனியாக ஆடிய காலத்தில் உலகின் முதல் நூற்றைம்பது பேருக்குள் நான் இருந்திருக்கிறேன். என் சர்வ் வரும் பக்கம் நிற்கிற கோட்டு நடுவர், நான் பந்தைத் தட்ட ஆரம்பித்ததுமே ஓரடி பின்னால் நகர்வார். ஒரே ஒரு குறை. வருடத்துக்கு நான்கு பெரிய போட்டிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் பிரதான சுற்றில் நான் ஒருமுறைகூட ஆடியதில்லை. தகுதிச் சுற்றின் கடைசிப் படி வரை போய்ப் போய்த் திரும்பினேன். பெரிய மைதானத்தின் கதவு வரைக்கும் அழைத்துப் போய், "சரி, கிளம்பு" என்று சொன்ன மாதிரி. பிறகு தோளில் அறுவை, அதற்குப் பிறகு மகள். இரண்டிலிருந்தும் எழுந்து வந்தேன். தனியாட்டத்துக்கு வேண்டிய ஓட்டம் இனிக் காலில் இல்லை என்று தெரிந்ததும் ஒப்பாரி வைக்காமல் இரட்டையருக்கு மாறினேன். அதில் பாதி கோர்ட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். அந்தப் பாதியில் என்னை மீறி ஒரு பந்து போவது அத்தனை சுலபமில்லை.

வாலுவை நான் கண்டுபிடித்தது அவளை அடித்துத்தான். பதினைந்து வயதில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் என்னிடம் ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றாள். மறுநாள் அவள் அண்ணன் வந்தார். இயற்பியல் வாத்தியார். "என் தங்கச்சி சாப்பிட மாட்டேங்கறா, இன்னொரு தடவை ஆடுவீங்களா?" என்று கேட்டார். ஆடினேன். மறுபடியும் முட்டைதான். அவள் மூன்றாவது முறை ஆடக் கேட்டு வந்தபோது அவர் காப்பியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அப்படி ஆட்டம் ஆட்டமாக வளர்ந்து கல்யாணத்தில் முடிந்தது. என் கணவருக்கு மட்டையைக் கொடுத்தால் ஈ அடிப்பார். ஆனால் பந்து ஏன் வளைகிறது என்று கரும்பலகை நிறைய எழுதுவார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

கோர்ட்டில் நானும் வாலுவும் தமிழில்தான் கத்திக்கொள்வோம். எதிரிகளுக்குப் புரியாது, நடுவருக்கும் புரியாது. ஒருமுறை ஒரு நடுவர் இறங்கி வந்து, "சனியனே என்றால் என்ன, கெட்ட வார்த்தையா?" என்று விசாரித்தார். "உற்சாகப்படுத்துகிற சொல், சனிக்கிழமை சம்பந்தப்பட்டது" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே மேலே ஏறினார். இவ்வளவு வசதி தமிழில் இருக்கிறது. சிக்கலும் அதே தமிழில்தான் வந்தது.

என் பிறந்த வீட்டில் 'விடு' என்றால் விடுவது. தம்பியின் தலைமுடியைப் பிடித்தால், "விடு." பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொன்னால், "விடு, சொல்லிட்டுப் போறார்." கையைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். வாலுவின் வீட்டிலோ கதை வேறு. என் மாமனார் டயர் கடைக்காரர். மகள் சிறுமியாக ஆடிய காலத்தில் கம்பி வேலிக்கு வெளியே நின்று, "விடு! விடு ஒண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்தியவர். ஓங்கி ஒரு அறை விடு என்கிற அர்த்தத்தில். அந்த வீட்டில் விடு என்றால் அடி.

இந்த வேறுபாட்டை எந்தச் சம்பந்திப் பேச்சிலும் யாரும் பேசவில்லை. நாங்கள் தெரிந்துகொண்டது ஒரு இறுதி ஆட்டத்தில். இருவரும் வலையருகே நிற்கிறோம். எதிரி ஒரு பந்தை உயரத் தூக்கிவிட்டாள். அது என் தலைக்கு மேலே மிதந்து வருகிறது. நான் மட்டையை உயர்த்தியாகிவிட்டது. வாலு, "விடு!" என்று அலறினாள். விட்டேன். மட்டையைக் கீழே இறக்கி, பந்து வெளியே போகிற அழகைப் பார்க்கத் திரும்பினேன். அது கோட்டுக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி விழுந்தது. கோப்பை அவர்கள் வீட்டுக்குப் போனது.

"அடிக்கச் சொன்னா, நீங்க பாட்டுக்கு வேடிக்கை பாக்கறீங்களே அண்ணி!"

"நீ எங்கடி அடிக்கச் சொன்னே? விடுன்னே!"

"அதைத்தானே சொல்றேன்!"

யார் மேல் தப்பு என்று வீட்டில் இன்றுவரை வழக்கு நடக்கிறது. நான் சொல்வதுதான் சரி என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பத்துப் பேரை நிறுத்தி விடு என்று சொல்லுங்கள், ஒன்பது பேர் கையை எடுப்பார்கள். பத்தாவது ஆள் என் மாமனாராக இருப்பார்.

அன்றே அந்தச் சொல்லுக்குத் தடை போட்டோம். விட வேண்டுமென்றால் "வேணாம்." அடிக்க வேண்டுமென்றால் "அடி." விடு என்று யார் வாயிலிருந்து வந்தாலும், கோர்ட்டிலோ அறையிலோ, அன்றைய துணி முழுவதையும் அவர்தான் துவைக்க வேண்டும். தமிழில் விடு இல்லாமல் ஒரு நாள் வாழ்ந்து பாருங்கள், அப்போது தெரியும். "ஜன்னலைத் திறந்து விடு" என்று சொல்லி மாட்டினேன். "முதுகில் க்ரீம் தடவி விடு" என்று சொல்லி மாட்டினேன். ஆட்டத்தில் ஒரு பாயிண்ட் போய்விட்டால் "விடு, அடுத்ததைப் பாப்போம்" என்று ஆறுதல்கூடச் சொல்ல முடியாது. "பரவாயில்லை" என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சர்வ் வந்துவிடுகிறது. ஊர் ஊராகத் தங்குகிற அறைகளில் ஜன்னலிலிருந்து அலமாரிக் கைப்பிடிக்குக் கயிறு கட்டி, பெரும்பாலும் நான்தான் காலுறைகளைப் பிழிந்து காயப்போட்டேன். அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அண்ணி, அந்த ஓரத்துல இன்னும் தண்ணி சொட்டுது" என்பாள்.

இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரிய போட்டி ஒன்றின் பிரதான சுற்றுக்குப் பெயர் கொடுக்க இன்று மாலைதான் கடைசி. இரட்டையர் என்றால் இரண்டு பேருடைய தரவரிசை எண்களையும் கூட்டுவார்கள். தொகை சிறிதாக இருந்தால் நேராக உள்ளே போகலாம், பெரிதாக இருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்த வாரம் நாங்கள் ஆடுகிற சிறிய போட்டியின் இன்றைய அரையிறுதியில் ஜெயித்தால், எங்கள் தொகை இறங்கி நாங்கள் உள்ளே. தோற்றால் வெளியே. என் வயதுக்கு இன்னொரு வாய்ப்பு வரும் என்று சொல்ல எனக்குக்கூட வாய் வராது.

நேற்று மதியம் ஆட்டக்காரர்கள் சாப்பிடுகிற கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். ஓர் இடதுகைக்காரி வந்து எங்கள் மேஜையருகே நின்றாள். உலகின் முதல் இருபது பேரில் ஒருத்தி. அவளுடைய கூட்டாளிக்கு முழங்கால் போய்விட்டதாம். வாலுவைப் பார்த்து, "என்னோடு ஆடுகிறாயா? இந்தப் பெரிய போட்டியிலிருந்து, வருடம் முழுக்க" என்று கேட்டாள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். நான் என்னவோ உப்புச் சீசா என்பது போல என்னைத் தாண்டிக் கேட்டாள். அவளுடைய எண்ணோடு கூட்டினால் வாலு இன்றே பிரதான சுற்றில். எந்த அரையிறுதியும் ஜெயிக்க வேண்டாம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் வாலு. அப்புறம் என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தாள். நான் கேட்கவில்லை.

கணவரிடம் மட்டும் ஃபோனில் சொன்னேன்.

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?" என்றார் வாத்தியார்.

"கேக்க மாட்டேன். கேட்டா, எனக்காக வேண்டாம்னு சொல்லுவா. நாத்தனாருக்கு முட்டுக்கட்டை போட்டவள்னு எனக்குப் பேர் வேணாம்."

"சரி, நாளைக்கு ஜெயிச்சுட்டா?"

"நாளைக்கு ஜெயிச்சாலும் அந்தப் பொண்ணு இருபதாவது இடத்துல இருக்கா. நான் எங்க இருக்கேன்னு உங்களுக்கே தெரியும்."

"நீ எங்க இருக்கேன்னு அவங்களுக்குத்தான் நாளைக்குத் தெரியப்போவுது" என்றார். கரும்பலகைக்காரருக்கு எப்போதாவது ஒருமுறை இப்படி நல்ல வசனம் அமைந்துவிடும்.

எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. தோற்பதற்குப் பயமில்லை, தோற்றுத் தோற்றுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அவள் போய்விட்டால் இந்த அறை, இந்தக் கயிறு, இந்த வெட்டி வழக்கு எல்லாம் போய்விடும் என்பதுதான் பயம். கூடவே, நான் இன்னும் நன்றாக ஆடுகிறேன் என்பது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயமாகிவிடும்.

காலையில் வெயிலும் காற்றும் ஒன்றாக வந்தன. பார்வையாளர் படிக்கட்டு பாதி நிரம்பியிருந்தது. எதிரே நின்றவர்கள் இளசுகள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி தொப்பிக்காரி. தொப்பிக்காரி முதல் கேமிலேயே என் தோளைக் குறிவைத்து உயரப் பந்தாகத் தூக்க ஆரம்பித்தாள். அறுவை செய்த தோள் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். அந்தத் தோளை நான் ஒன்றரை வருடம் ரப்பர் பட்டையால் இழுத்து இழுத்து, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக வளர்த்து வைத்திருக்கிறேன். முதல் நான்கு பந்தையும் அவள் காலடியிலேயே இறக்கினேன். நாலாவதுக்கு அவள் குதித்தாள்.

"பாவம் அண்ணி, சின்னப் பொண்ணு" என்றாள் வாலு.

"நீயும் சின்னப் பொண்ணாத்தான் இருந்தே. உன்னை விட்டேனா?"

"துணி!" என்று கை நீட்டினாள். "விட்டேன் சொன்னீங்க!"

"விடு தான் தடை. விட்டேன் இல்லை."

முதல் செட் எங்களுக்கு. இரண்டாவதில் காற்று திரும்பியது, நெட்டையின் சர்வும் திரும்பியது. வாலுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எளிதான பந்து இரண்டை வலையில் போட்டாள். அவள் மனது வேறெங்கோ இருக்கிறது, அந்த இடதுகைக்காரியிடம்தான் இருக்கிறது என்று நான் நினைத்தேன். நினைத்ததும் நானும் ஒன்றைக் கோட்டுக்கு வெளியே அடித்தேன். செட் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, 'வலைக்கு அந்தப் பக்கம் மட்டும் பார்' என்று எனக்கு நானே இரண்டு திட்டுத் திட்டிக்கொண்டேன். எழுந்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது.

இரட்டையரில் மூன்றாவது செட் கிடையாது. அதற்குப் பதில் டைபிரேக். முதலில் பத்துப் பாயிண்ட் எடுப்பவர்கள் ஜெயிப்பார்கள். நாங்கள் நாலு எடுத்தோம், அவர்கள் நாலு எடுத்தார்கள். வாலு வலையருகே பாய்ந்து ஒன்றைப் பிடித்தாள், நான் சர்வில் ஒன்றை அறைந்தேன். எட்டுக்கு எட்டு என்று நின்றபோது நெட்டை ஒரு சர்வை இரண்டு முறையும் தவறவிட்டாள். ஒன்பது, எட்டு. இன்னும் ஒன்றே ஒன்று.

நான்தான் சர்வ். போட்டுவிட்டு வலைக்கு ஓடினேன். வாலு ஏற்கெனவே அங்கே இருந்தாள். நெட்டை என் காலடியில் திருப்பினாள், குனிந்து தூக்கிப் போட்டேன். தொப்பிக்காரி மட்டையைச் சாய்த்தாள். பந்து மேலே போயிற்று.

சத்தியமாகச் சொல்கிறேன், அதே பந்து. அந்த இறுதி ஆட்டத்துப் பந்து அப்படியே மறுபடி கிளம்பி என் தலைக்கு மேலே வந்தது. காற்று அதைப் பின்னால் தள்ளியது. உள்ளே விழுமா, வெளியே விழுமா, எனக்குத் தெரியவில்லை. நான் பின்னால் அடியெடுத்து வைத்தபடி மட்டையை உயர்த்தினேன்.

"விடு!" என்று அலறினாள் வாலு.

இரண்டு வருடமாகக் கோர்ட்டில் அவள் வாயில் வராத சொல். அது யார் வீட்டுச் சொல் என்று எனக்குத் தெரியும். கம்பி வேலிக்கு வெளியே நின்று என் மாமனார் கத்திக் கத்தி அவளுக்குள் ஏற்றியது. நெருக்கடியில் யாருக்கும் வளர்ந்த வீட்டுப் பேச்சுத்தான் வரும். அடிக்கச் சொல்கிறாள் என்று என் கைக்குப் புரிந்தது. விட்டேன் ஒன்று. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் முழுதாக இறங்கிய அடி. பந்து இரண்டு பேருக்கும் நடுவில் தரையைத் தொட்டு, தடுப்பைத் தாண்டிப் படிக்கட்டில் மூன்றாவது வரிசைக்குப் போய் விழுந்தது.

நான் மட்டையை எறிந்துவிட்டுத் திரும்பினேன். வாலு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் விடுன்னுல்ல கத்தினேன்!"

"அதான் விட்டேன்!"

"ஐயோ அண்ணி! வெளியே போவுது, விடுன்னு சொன்னேன். உங்க வீட்டு விடு!"

"நான் உங்க வீட்டு விடுன்னு எடுத்துக்கிட்டேன்டி!"

அப்புறம் அந்த ஆறடி உருவமும் என் மேல் வந்து விழுந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன். நடுவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, எங்களுக்குள் சண்டையா என்று கேட்டார். இல்லை, இலக்கணம் என்றேன்.

அந்தப் பந்து விழுந்திருந்தால் உள்ளேயா வெளியேயா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வழக்கு இன்னும் முப்பது வருடம் நடக்கும். கைப்பேசியைத் திறந்ததும் என் மாமனார்தான் முதலில் வந்தார். "இங்க டிவி முன்னாடி உக்காந்து நான்தான் விடுன்னு கத்தினேன். மருமகளுக்குக் கேட்டிருக்கு பாரு!" என்றார். பின்னால் என் மகள் அதே சொல்லைக் கத்திக்கொண்டு கட்டிலில் குதிக்கிற சத்தம் கேட்டது. அவள் எந்த வீட்டு அர்த்தத்தில் கத்தினாள் என்று கேட்க நேரமில்லை.

உடைமாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து தோளில் ஐஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டேன். வாலு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து காலுறையை உரித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தாகிவிட்டது. பெயர் கொடுக்கக் கடைசி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாரோடு யார் என்பது மட்டும்தான் பாக்கி. இனிக் கேட்கலாம் என்று தோன்றியது. இப்போது அவள் போனால் என்னைத் தூக்கிச் சுமக்க முடியாமல் போனாள் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

"அந்த இடதுகைக்காரி காத்துக்கிட்டு இருப்பா. என்ன சொல்லப்போறே?"

"நேத்தே சொல்லிட்டேனே."

"நேத்தா? எப்போ?"

"சாயங்காலம். நீங்க துணி பிழிஞ்சுக்கிட்டு இருந்தீங்க. வராந்தாவுக்குப் போய் மெசேஜ் போட்டேன். என் கூட்டாளி இருக்காங்க, வேற ஆளைப் பாத்துக்கோன்னு."

ஐஸ் மூட்டை பட்டையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நேற்று. ஜெயிப்போமா என்று ஒருவருக்கும் தெரியாத நேற்று. பிரதான சுற்று அவள் கைக்கு வந்து நின்றிருக்கிறது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து, ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறது என்று என்னிடம் குறை சொல்லியிருக்கிறாள்.

"பைத்தியமா உனக்கு? இன்னிக்குத் தோத்திருந்தா?" என்று கத்தினேன். "ரெண்டு பேரும் வெளியேடி. தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"தோத்தாத்தானே?" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் துளி வீராப்பு இல்லை, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்பது போலச் சொன்னாள். "எனக்கு அவ சர்வ் புரியும் அண்ணி. அவ பேசறது புரியாது."

"என் பேச்சு மட்டும் புரிஞ்சு கிழிச்சுட்டே. கடைசிப் பாயிண்ட்ல பாத்தோமே."

"ஜெயிச்சோம்ல?"

கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஈரச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்பது அவளுக்குத் தெரியும் என்பதால், உடனே பழைய கணக்கைத் திறந்தேன்.

"கோர்ட்ல ஒண்ணு, அப்புறம் அங்கேயே கத்தினது மூணு. நாலு தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கே. என் துணி, உன் துணி, அந்தத் துண்டு, எல்லாம் நீதான் துவைக்கணும். அந்தப் பெரிய போட்டி முடியற வரைக்கும்."

வாலு நழுவி விழுந்த ஐஸ் மூட்டையைத் தரையிலிருந்து எடுத்து, மறுபடி என் தோளில் வைத்து, பட்டையை இறுக்கிக் கட்டினாள்.

"துவைக்கிறேன், விடுங்க" என்றாள்.